மாட்டுக் கொட்டகையின் கதவு எண்

எங்கள் வீட்டுக் கதவு எண் மாட்டுக் கொட்டகையில் இருந்தது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அதைப் பார்த்தேன். முன்பக்கம் மாடி வீடு, கிரில் கேட், வாசல்படியில் வழுக்குகிற டைல்ஸ். ஊராட்சியில் கொடுத்த தகர எண் மட்டும் பக்கத்திலிருந்த கீற்றுக் கொட்டகையின் கம்பத்தில், பசுவின் முதுகு உரசுகிற உயரத்தில் அடித்திருந்தது. யாரோ தெரியாமல் அடித்துவிட்டார்கள் என்று நினைத்து மாமனாரிடம் சொன்னேன்.

அவர் பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தார். "தெரியாம இல்லம்மா, தெரிஞ்சுதான் அடிச்சது. கெவுருமெண்ட் கணக்குல அதான் நம்ம வூடு. இது சும்மா படுக்கறதுக்கு."

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "எங்க நைனாவுக்கு இருக்கிற மூளைக்கு அவரு எங்கியோ இருக்க வேண்டியவரு" என்றார் என் கணவர். நானும் சிரித்தேன். புது மருமகள், வேறென்ன செய்வாள் என்று இப்போது சாக்குச் சொல்லலாம். சாக்குதான் அது. எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது.

செஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் எங்கள் ஊர். நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற ஊர்தான். கிராமத்தில் வீட்டு வரி போடுவது பெரிய வித்தை இல்லை. வீடு எத்தனை சதுர அடி, மேலே என்ன கூரை, இந்த இரண்டும்தான் கேள்வி. கீற்று என்றால் வரி குறைவு. ஓடு என்றால் கொஞ்சம் கூட. கான்கிரீட் தளம் போட்டிருந்தால், எங்கள் ஊர்ப் பேச்சில் மாடி வீடு, அதைவிடக் கூட. ஊராட்சி கிளார்க் டேப்போடு வந்து அளந்து பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார். ஒரு தடவை எழுதியதை லேசில் யாரும் திருத்த மாட்டார்கள். மாமா மாடி வீடு கட்டியபோது முன்பே அங்கே இருந்த கூரை வீட்டைப் பிரித்து, அதே கீற்றையும் கம்பத்தையும் கொண்டு கொட்டகை போட்டார். பழைய எண்ணும் கம்பத்தோடு கொட்டகைக்குக் குடிபோனது. புது வீட்டுக்கு எண்ணே கிடையாது. மின்சாரம் உண்டு, மோட்டார் உண்டு, மொட்டை மாடியில் டிஷ் உண்டு, எண் கிடையாது.

இதில் எனக்கு மற்றவர்களைவிட வெட்கம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் என் வேலையே அது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் வீட்டுக் கடன் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீசில் பத்திரம் பார்ப்பவள் நான். பட்டா, வில்லங்கம், வீட்டு வரி ரசீது என்று வரிசையாக வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பேனாவால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ரசீதில் ஓடு என்றும் போட்டோவில் தளம் என்றும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். வல்லத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒருவர் "இதுக்காம்மா திருப்பி அனுப்பறீங்க?" என்று கேட்டபோது, "பேப்பர் பொய் சொல்லக் கூடாது சார்" என்று சொன்னவள்தான் நான். சாயந்திரம் வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போது இடது பக்கம் அந்தத் தகர எண் இருக்கும்.

மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வருஷம் முழுக்க நாங்கள் ஏய்த்த வரியில் செஞ்சியில் நாலு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட முடியாது.

எங்கள் தெருவின் கடைசியில் ஒரு வீடு. அந்த வீட்டு அக்கா தினமும் காலையில் எங்கள் கொட்டகைக்கு வந்து சாணி அள்ளி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அப்புறம் கழனி வேலைக்குப் போவார். இங்கே "போவார்" என்று எழுதும்போது கை கூசுகிறது. எங்கள் வீட்டில் அவரை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. என் ஆறு வயது மகள்கூட "நீ வா", "நீ போ" என்றுதான் பேசுவாள். நானும் ஒரு தடவைகூட அவளைத் திருத்தியதில்லை.

அக்காவின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் பெங்களூரில் கொத்து வேலை செய்தவர். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் கொஞ்சம் செங்கல் வாங்கிப் போட்டு, தானே சுவர் எழுப்பினார். சுவர் ஜன்னலுக்கு மேல் வந்துவிட்டது, தளம் மட்டும்தான் பாக்கி. அந்தச் சமயத்தில் கிளார்க் அளக்க வந்திருக்கிறார். "இன்னாய்யா, கூரைன்னு எழுதிக்கவா?" என்று கேட்டதற்கு அவர், "கூரையா? ரெண்டு மாசத்துல தளம் போடப் போறேன் சார். மாடி வூடுன்னே எழுதுங்க" என்று சொன்னாராம். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, தன் வீட்டைக் கூரை என்று எழுதவிட அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு மாதத்துக்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். தளம் போடவேயில்லை. அக்கா சுவருக்கு மேல் கீற்றைப் போட்டு, அதற்கு மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கல்லை வைத்தார். மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்ததும் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில்தான்.

ஒருநாள் காலையில் சாணிக் கையைக் கழுவிவிட்டு என்னிடம் ஒரு ரசீதை நீட்டினார். அப்போதுதான் கையால் எழுதுகிற ரசீது போய்க் கம்ப்யூட்டர் ரசீது வந்திருந்தது.

"எம்மா, இதுல இன்னா போட்டிருக்குதுன்னு பாரேன். எல்லாரும் அவுங்கவுங்க ரசீதப் பத்திப் பேசறாங்க. எனுக்கு ஒண்ணும் புரியல."

பார்த்தேன். கணவர் பெயர், கதவு எண், கட்டட வகை: கான்கிரீட். எங்கள் வீட்டைவிட அவருக்கு வரி அதிகம். என் பேனா பிடிக்கிற விரல் அந்த வார்த்தையில் போய் நின்றுவிட்டது. அது தப்பு என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். ஒரு மனு எழுதிக் கொடுத்தால் கிளார்க் வந்து அளந்து கூரை என்று மாற்றிவிடுவார் என்பதும் தெரியும். கூரை வீட்டுக்காரர்களுக்கு அரசு என்றாவது வீடு கட்டிக் கொடுக்கும்போது இந்த ஒரு வார்த்தை அவர் வழியை மறிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இதெல்லாம் தெரிந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

"ஒரு நிமிஷம் இரு அக்கா" என்று உள்ளே போய் மாமாவிடம் சொன்னேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டேப்பு தெருவுக்குள்ள வந்துச்சின்னா ஒரு வூட்டோட நிக்காதும்மா. அவ வூட்ட அளந்துட்டு நம்ம வூட்டத் தாண்டிக் கண்ண மூடிக்கினா போவான்? நானு வார்டு மெம்பரா இருந்தவன். நாலு பேரு முன்னால அசிங்கமாப் பூடும். வுட்டுடு."

நான் வாசலுக்குத் திரும்பி வந்தேன். அக்கா படியில் ஏறாமல் கீழேயே நின்றிருந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுக்கா. மாடி வீடுன்னு போட்டிருக்காங்க" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரசீதில் இருந்ததைத்தானே படித்தேன். ஆனால் அதை நல்ல சேதி சொல்கிற குரலில் சொன்னேன். அந்தக் குரலை நான் வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டேன்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியா போட்டிருக்குது? எங்க வூட்டுக்காரரு, அது சொன்னத அப்பிடியே வச்சிருக்காங்களா?" என்று ரசீதை வாங்கி, அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்தார். அன்றைக்கு பஸ்ஸில் கோட்டை பார்க்கப் போகிற காலேஜ் பிள்ளைகள் ஒரே கூச்சல். காரணமில்லாமல் அவர்களை அதட்டினேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் வரி கட்ட ஊரில் முதல் ஆளாகப் போய் நிற்பது அக்காதான். கிளார்க் மற்ற எல்லோரையும் தேடிப் போக வேண்டியிருக்கும், அக்காவை மட்டும் தேட வேண்டாம். "மாடி வூட்டுக்காரி வந்துட்டேன் சார்" என்று சொல்லிக் கட்டுவார் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ளவில்லை. அதைப் பெரிய நேர்மையாக நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் போனது. குடிசையை எடுத்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டிக்கொள்ள அரசு பணம் கொடுக்கிறது என்று சேதி வந்தது. ஊராட்சிப் பதிவேட்டில் கூரை வீடு என்று இருப்பவர்களைப் பட்டியல் எடுத்து, அந்த வீடுகளை மட்டும் நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுப்பார்கள். பட்டியலில் எங்கள் மாமா பெயர் இருந்தது. கடைசி வீட்டு அக்காவின் பெயர் இல்லை.

மாமாவே கொஞ்சம் ஆடிப்போய்விட்டார். "நமக்கு வேணாம்னு சொல்லிட்டாப் போச்சி" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வருகிற நாளில் காரியமாகத் திண்டிவனம் போய்விட்டார். நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். ஏன் இருந்தேன் என்றால், வருகிறவரிடம் அக்காவின் வீட்டைக் காட்டிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இதையாவது நம்புங்கள்.

வந்தது ஒரு சின்னப் பெண். புதிதாக வேலைக்கு வந்த இன்ஜினியர், கையில் போன், தோளில் பை. கேட்டுக்கு வெளியே நின்று எண்ணைத் தேடினாள். கொட்டகைக் கம்பத்தில் அதைப் பார்த்துவிட்டு நேராக அங்கே போனாள். அந்த நேரம் பார்த்துக் குனிந்தபடி சாணிக் கூடையோடு வெளியே வந்தார் அக்கா.

"அம்மா, நீங்க இதுலதான் குடியிருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். குரலில் அவ்வளவு இரக்கம்.

அக்கா கூடையை இறக்கி வைத்தார். மாட்டுக் கொட்டகையில் குடியிருப்பவள் என்று ஒருத்தி தன்னை நினைத்துவிட்டது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. வந்தவள் வரி ஆபீஸ்காரி என்றும் நினைத்துக்கொண்டார்.

"நானு ஏம்மா இதுல குடியிருக்கறேன்? எனுக்கு வூடு இருக்குது. மாடி வூடு. ரசீதே இருக்குது" என்று சொல்லிவிட்டு, சாட்சிக்கு என்னைப் பார்த்தார். "கேளு, இந்த அம்மாதான் படிச்சி சொல்லிச்சி."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அவங்க வீட்டுக்குத் தளம் இல்லை, வந்து பாருங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் அக்கா என்னைத் திரும்பிப் பார்ப்பார். அப்போ ஏன் அப்படிப் படித்தாய் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அந்தப் பெண் கொட்டகையையும் மாடி வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துவிட்டது. போனில் எதையோ அடித்தாள். "லிஸ்ட்டுல இருந்து உங்க பேரை எடுத்துட்டேங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் நீட்டிய மோரை வாங்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அக்கா வந்தார். ரேஷன் கடையில் விஷயம் தெரிந்துவிட்டது.

"நேத்து வந்த பொண்ணு வூடு குடுக்கற லிஸ்ட்டுக்கா வந்துச்சி?"

"ஆமாக்கா."

"எம் பேரு ஏம்மா வரல?"

"ரசீதுல கான்கிரீட்டுன்னு இருக்குதுக்கா. அதனால வரல."

"மாத்த முடியாதா?"

"முடியும்."

"அன்னிக்கு உங்கிட்ட குடுத்தனே, அப்பவே முடியுமா?"

"முடியும்" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. கொட்டகைக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். "செரி, எழுது" என்றார்.

என் ஆபீஸ் பேப்பரில் மனு எழுதினேன். மேற்படி வீடு மேல்தளம் இல்லாத கூரை வீடு என்பதால் பதிவேட்டில் திருத்தம் செய்து தருமாறு. படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர் அப்படியே நின்றார்.

"எம்மா, இத மாத்திட்டா அது சொன்னது பொய்யாப் பூடுமா?"

மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு கூரை என்று சொன்ன எங்களுக்கு ஒருநாளும் இந்தக் கவலை வந்ததில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் வெட்கமாக இருந்தது. அழுவதற்கு அங்கே உரிமையுள்ளவள் நான் இல்லை. அக்கா தன் பெயரை எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதிக் கொடுத்தார்.

மனுவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் மாமாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் சொன்னதுபோலவே டேப் தெருவுக்குள் வந்தது. கிளார்க் ஒற்றை ஆள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டார். அவர் வீட்டை அளந்து கூரை என்று எழுதிவிட்டு, வரும் வழியில் எங்கள் கேட் முன்னால் நின்றார்.

"இங்க எதுங்க வீடு?" என்று கேட்டார். பதில் தெரிந்துகொண்டே கேட்கிற குரல்.

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் மாடி வீட்டைக் காட்டினேன். "இதுதான். உள்ள வந்து அளந்துக்குங்க." அக்கா டேப் முனையோடு முதல்முறையாக எங்கள் டைல்ஸ் படியில் ஏறினார். செருப்பைக் கீழே விட்டுவிட்டு, பாதத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறினார். கூடத்தின் ஒரு மூலையில் அவரும் இன்னொரு மூலையில் கிளார்க்கும் குனிந்து டேப்பை இழுத்துப் பிடித்திருக்க, மாமா டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அளந்து முடித்ததும் அக்கா கொட்டகைக்குப் போய்க் கம்பத்திலிருந்து தகர எண்ணைக் கல்லால் தட்டிப் பிடுங்கினார். அதில் வருஷக்கணக்கான சாணி காய்ந்திருந்தது. தொட்டித் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, "இந்தாம்மா, உங்க வூட்டு நம்பரு" என்று என் கையில் கொடுத்தார். அது நாங்கள் கழுவியிருக்க வேண்டியது.

பட்டியலை அதற்குள் மூடிவிட்டார்கள். அடுத்தது எப்போது என்று ஆபீசில் கேட்டேன், கிளார்க்கிடம் கேட்டேன், வரும்போது சொல்கிறோம் என்றார்கள். அக்காவுக்கு வரி மட்டும் குறைந்தது. குறைந்த ரசீதை அவர் என்னிடம் படிக்கக் கொண்டுவரவில்லை.

இந்த ஐப்பசி மழையில் அவருடைய தார்ப்பாய் கிழிந்து கீற்றும் சரிந்துவிட்டது. காலையில் துணி மூட்டையோடும் அந்த பிளாஸ்டிக் கவரோடும் வந்து நின்றார். நான் "உள்ள வாங்கக்கா, ரூம் காலியாத்தான் இருக்குது" என்றேன். முதல்முறையாக வாங்க என்றேன். அவர் எனக்குப் பின்னால் கூடத்தில் இருந்த மாமாவைப் பார்த்தார். மாமா பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை.

"வேணாம்மா. கொட்டாயே போதும்" என்றார் அக்கா.

மாட்டை ஓரமாகக் கட்டி, கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தோம். பிளாஸ்டிக் கவரை மாட்ட இடம் தேடினார். தகர எண் இருந்த கம்பத்தில் அந்தப் பழைய ஆணி இன்னும் இருந்தது. அதில் மாட்டினார். இருபது நாளாக அங்கேதான் இருக்கிறார். நான் தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது கொட்டகை வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். "அடுத்த லிஸ்ட்டு எப்பம்மா?" என்று கேட்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.